ஏழாம் நம்பர் டப்பா

மூன்று வருடத்துக்கு முன், சம்பா நடவு முடிந்த கையோடு நடந்தது இது. எங்களுக்கு நன்னிலம் பக்கம் ஒரு கிராமம். நான் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். என் மகள் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எங்கள் தெருவிலேயே அவ்வளவு படித்தது அவள்தான் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

ஆராய்ச்சி எதில் தெரியுமா? அதிமதுரத்தில். அதைத் தின்றால் மட்டும் போதாதாம். நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சத்தை உடைத்து மாற்றிக் கொடுத்தால்தான் மருந்தாக வேலை செய்யுமாம். அதிமதுரத்தோடு கலந்து வைத்து அதைச் சோதிக்க ஊர்க்காரர்களின் மலம் வேண்டும் என்று டப்பாக்களோடு வந்து நின்றாள்.

"அடக் கருமமே! இதுக்காடி இத்தனை படிப்பு?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் பெற்ற பிள்ளையாயிற்றே, கொடுத்தேன். யாருடையது என்று வெளியே தெரியக் கூடாதாம். அதனால் பெயருக்குப் பதிலாக என் டப்பாவில் ஏழு என்று ஒட்டினாள்.

"மூணு மாசத்துக்குள்ள ஆன்டிபயாடிக் மாத்திரை ஏதும் போட்டியாம்மா?"

"இல்லடி" என்றேன். பொய். நடவில் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மெடிக்கலில் காலைக் காட்டி, நாலு நாளைக்கு கேப்சூல் வாங்கிப் போட்டிருந்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கினேன் என்றால் அவள் ஆடித் தீர்த்துவிடுவாள். அந்தப் பயம்தான்.

ஆராய்ச்சியை எல்லார் முன்னாலும் விளக்கும் நாளில் என்னையும் கூட்டிப்போனாள். தீபாவளிப் புடவையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் இங்கிலீஷைப் பொழிந்து தள்ளினாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, கண் மட்டும் நிறைந்துகொண்டே இருந்தது.

திடீரென்று ஒரு பேராசிரியர் தமிழிலேயே கேட்டார். "எல்லாத்துலயும் அதிமதுரம் மாறியிருக்கு, ஏழாம் நம்பர்ல மட்டும் ஏன் மாறலை? உங்க செய்முறையிலயே கோளாறு. முதல்லேருந்து செய்ங்க."

ஒரு வருட உழைப்பு! மகள் கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எழுந்துவிட்டேன்.

"ஐயா, அந்த ஏழாம் நம்பர் நான்தாங்க. மாத்திரை போட்டதை மறைச்சுட்டேங்க. புள்ளை மேல தப்பில்லைங்க."

அரங்கமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மானம் போயிற்று என்று தலைகுனிந்தேன். மகள் சிரிக்கவில்லை. "சார், மாத்திரை அந்த நுண்ணுயிர்களைக் கொன்னுருக்கும். மூணு மாசம் எந்த மாத்திரையும் போடாம இருக்கச் சொல்லி, இவங்ககிட்டயே மறுபடி வாங்கிச் செஞ்சு காட்டுறேன்" என்றாள். என்ன நிமிர்வு!

பஸ்ஸில் கும்பகோணம் வரை தன் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டே வந்தாள். அப்புறம், "இனிமே கால்ல புண்ணுன்னா என்கிட்ட சொல்லு" என்றாள், அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஒரு மாத்திரையும் தொடாமல் இருந்து மறுபடி கொடுத்தேன். அதிமதுரம் மாறியது. இப்போது என் மகள் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள்.

அச்சான அவள் ஆய்வேட்டின் பட்டியலில் ஏழு என்ற எண் இரண்டு இடத்தில் இருக்கிறது, அதிமதுரம் மாறாத முதல் டப்பாவுக்கு ஒன்று, மாறிய இரண்டாவது டப்பாவுக்கு ஒன்று. என்னால் படிக்க முடிவது அது ஒன்றுதான். விரலால் தடவிப் பார்ப்பேன்: பொய் சொன்ன என்னையும், எழுந்து நின்று உண்மையைச் சொன்ன என்னையும் என் மகள் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறாள்.