துடைக்காமல் விட்ட தட்டுகள்

ஐந்து வெள்ளைச் சாசர்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குறை இருந்ததால் விலைக்குப் போகாமல் ஒதுக்கப்பட்டவை. அடியில் ஒன்று முதல் ஐந்து வரை பென்சிலால் எண் போட்டு, எங்கள் ஷெட்டில் ஐந்து இடங்களில் கிளார்க்கம்மா அவற்றை வைத்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒன்று சாமான் உரசுகிற மேசைக்கு அருகில். ஒன்று மண் சலிக்கும் இடத்தில். ஒன்று சூளை வாசலில். ஒன்று என் தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில். கடைசித் தட்டு அவருடைய ஆபீஸ் அறைக்குள் அலமாரி மேல். வைத்து முடித்ததும் எங்களை எல்லாம் கூப்பிட்டு, "பதினஞ்சு நாளைக்கு இத யாரும் எடுக்கக் கூடாது, நகத்தக் கூடாது. எடம் மாறிட்டா என் படிப்பே போச்சு" என்றார். நான் தலையாட்டினேன். எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. ஆனால் தினமும் துடைத்தேன்.

இது நடந்தது விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷங்களுக்குள். ஜாடியும் அகல் விளக்கும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற ஒரு சிறிய கம்பெனி. கிளேஸ் முக்குவது என் வேலை. சூளையில் ஒருமுறை வெந்து வந்த சாமானைப் பளபளப்புக்கான அந்தப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். முக்குவதற்கு முன்னால் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தாக வேண்டும். கடுகளவு தூசி ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது, இரண்டாவது முறை வெந்து வரும்போது வழுக்கைத் தலை மாதிரி சொட்டையாக நிற்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த பெரிய படிப்பு அந்தத் துடைப்புதான். தூசி படிந்த வெள்ளைச் சாமானைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

கிளார்க்கம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். மாதா கோவில் தெருவில் வீடு, இரண்டு பிள்ளைகள். ஆபீஸில் பில் எழுதுவதும் சம்பளம் போடுவதும் அவர்தான். தபாலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தார். சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும் என்று பாடத்தின் பெயர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பஸ் பிடித்துக் கடலூர் போய் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு இருட்டும்போது திரும்புவார். திங்கட்கிழமை கண் சிவந்திருக்கும். படிப்பின் கடைசியில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து கட்டுரை கொடுக்க வேண்டுமாம். அதற்கு அவர் எங்கள் ஷெட்டின் தூசியை எடுத்துக்கொண்டார்.

சாமான் உரசுகிற அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். காய்ந்த சாமானின் பிசிறுகளை உப்புத்தாளால் உரசி எடுப்பது அவர் வேலை. மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டே பேசுவார்.

"ஏன் கிளார்க்கம்மா, தூசியப் படிச்சா கவருமெண்டு வேல குடுப்பாங்களா?"

"குடுத்தா மொதல்ல ஒங்களத்தான் சேத்துக்குவேன். ஒங்ககிட்டதான் நெறைய ஸ்டாக்கு இருக்குது."

"அப்புடி இன்னாதான் சொல்லுது அந்தப் படிப்பு?"

"இன்னிக்கு நாம பொழைக்கிறோம்ல? நாளைக்கு வர்றவங்களும் பொழைக்கணும். பொழைக்கிறதுக்காக இருமி இருமிச் சாகவும் கூடாது. அவ்வளவுதாங்க்கா. அத நானூறு பக்கத்துல சொல்லுவாங்க."

நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெண்களிடம் மட்டுமில்லை, யாரிடமும் எனக்கு வாய் வராது. அந்தப் படிப்புக்கு என்னால் ஆன உதவியைச் செய்யலாமே என்று மனசுக்குள் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் சாயங்காலம் கை கழுவுவதற்கு முன்னால் நான்கு தட்டுகளையும், அசையாதபடி ஒரு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டுப் போனேன். படித்தவர் வைத்த பொருள் அழுக்காகக் கிடக்கலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆபீஸ் அறைத் தட்டை மட்டும் விட்டுவிட்டேன். உள்ளே போகக் கூச்சம்.

பதினாறாம் நாள் காலையில் அவர் தட்டுகளை எடுத்து வரிசையாக மேசைமேல் வைத்தார். ஆபீஸ் தட்டில் மெல்லிய தூசிப் படலம். மற்ற நான்கும் பளிச்சென்று இருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். ஆய்வு என்றதும் முதலில், "படிச்சு என் ஷெட்ட மூடப் போறியாம்மா?" என்று கேட்டுவிட்டு, முடிவைத் தன்னிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தவர் அவர். தட்டுகளைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஷெட்டுல தூசியே இல்ல, ஆபீஸ்லதான் தூசி! மொதல்ல உன் ரூம கூட்டச் சொல்லும்மா. இத அப்படியே எழுது. ஒரு காப்பி எனக்கும் டைப் அடிச்சுக் குடு. இன்ஸ்பெக்டர் வந்தா காட்டறேன்."

அவர் போனபின் உரசுகிற அக்கா, "ஒங்க தட்டுக்குக் கண்ணு தெரியல போல" என்றார். கிளார்க்கம்மா சிரிக்கவில்லை. "என் கண்ணுக்குத் தெரியுதுக்கா. ஆனா அளவு என்ன சொல்லுதோ அததான் எழுதணும்" என்றார். கட்டுரை கொடுக்கக் கடைசி நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர் சேர்த்துவைக்க நினைத்ததையே நான் தினமும் துடைத்து வாளியில் கழுவி ஊற்றியிருக்கிறேன். இனி ஒரு காகிதம் வரும். இந்த ஷெட்டில் தூசி இல்லை என்று அவர் கையெழுத்தோடு சொல்லும். அது எப்படிப் பொய்யாயிற்று என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு வேலை செய்தேன். சொன்னால் அவருடைய படிப்பு தள்ளிப்போகும், முதலாளி என்னை வெளியே போகச் சொல்லலாம். சொல்லாவிட்டால், முந்தானைக்குள் இருமிக்கொண்டிருக்கும் அந்த அக்காவைப் பார்த்து முன்போல நிற்க முடியாது.

மூன்றாம் நாள் மதியம் கிளார்க்கம்மா டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். அட்வான்ஸ் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து நோட்டை எடுத்தார்.

"அது இல்லீங்க. அந்தத் தட்ட... நான்தாங்க தொடைச்சேன்."

"எப்போ?"

"தெனமும் சாயங்காலங்க."

"பதினஞ்சு நாளுமா?"

"ஞாயித்துக்கெழம லீவுங்க. அன்னிக்கு மட்டும் தொடைக்கலிங்க."

அவர் என்னையே பார்த்தார். முகம் சிவந்தது. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்று குரலை உயர்த்தினார். கேட்டிருக்கலாம்தான். வாழ்க்கையில் நான் கேட்டிருக்க வேண்டிய பல இடங்களில் அதுவும் ஒன்று. தலை குனிந்து நின்றேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம லீவா" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அது எந்தக் கண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளியிடம் அவரே சொன்னார். நானும் உடன் நிற்க வேண்டியிருந்தது. "ஏம்பா, இத்தன வருஷமா வாயே தெறக்காதவன், இப்பதானா உனக்கு வாய் மொளைக்கணும்?" என்றார் முதலாளி. வேலையை விட்டு அனுப்பவில்லை. கிளேஸ் முக்க வேறு ஆள் கிடைக்காது என்பதுதான் காரணமாக இருக்கும். கிளார்க்கம்மாவின் கட்டுரைக்கு அந்தத் தவணை தப்பிப் போயிற்று. இன்னும் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்தார். அந்த ஆறு மாதத்துக்காக ஒரு நாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை.

தட்டுகளை மறுபடி வைத்த அந்தப் பதினைந்து நாள் போல எனக்குக் கடினமான நாட்கள் இல்லை. ஈர ஸ்பாஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு வெள்ளைத் தட்டு நாளுக்கு நாள் சாம்பல் பூத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான்காம் நாள் ஓரத்தில் இருந்த குறை தூசியில் மறைந்தது. பத்தாம் நாள் தட்டும் பலகையும் ஒரே நிறம். அதே பலகைக்கு முன்னால்தான் நான் காலையிலிருந்து மாலை வரை மூச்சு விடுகிறேன் என்பது அதுவரை எனக்கு உறைத்ததே இல்லை.

பதினாறாம் நாள் தூசியைத் தனித்தனித் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு நானும் கிளார்க்கம்மாவும் கடைவீதி நகைக்கடைக்குப் போனோம். அவ்வளவு துல்லியமான தராசு ஊரில் வேறு எங்கே இருக்கிறது? நகைக்கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குச் செய்கூலி எவ்ளோ போடட்டும்?" என்றார். ஆனாலும் கண்ணாடிக் கதவை மூடி, ஃபேனை நிறுத்திவிட்டு, தங்கத்தைப் போலவே நிறுத்தார். என் பலகைத் தட்டில் இருந்தது ஒரு மூக்குத்தி எடை. உரசுகிற மேசைத் தட்டில் ஒரு மோதிர எடை.

மறுநாள் அக்காவிடம் அதைச் சொன்னபோது அவர் உரசுவதை நிறுத்திவிட்டார். "பதினஞ்சு நாளைக்கு ஒரு மோதரம்னா, இத்தன வருசத்துல நான் ஒட்டியாணமே முழுங்கியிருப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா முந்தானையை மூக்கில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

கிளார்க்கம்மா தேறிவிட்டார். முதல் அளவு ஏன் செல்லாது என்பதையும் மறைக்காமல் ஒரு பக்கம் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைத் தமிழில் எனக்குச் சொல்லிக்காட்டி, "ஒங்க பேரப் போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கட்டுரையைப் படித்துவிட்டு முதலாளி உடனே எதையும் மாற்றிவிடவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்தபின் உரசும் மேசையை ஜன்னலோரம் போட்டார், முடிந்தவரை உப்புத்தாளுக்குப் பதிலாக ஈர ஸ்பாஞ்சால் சாமான்களை வழிக்கச் சொன்னார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே அக்காவின் இருமல் குறைந்தது தெரிந்தது. சில வருஷங்களில் கணவருக்கு மாற்றல் வந்து கிளார்க்கம்மா வேறு ஊர் போய்விட்டார்.

போன மாதம் எனக்கு இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னேன். "வேலை செய்யிற எடத்துல தூசி இருக்குதா?" என்றார். நான் அந்தப் பழைய ஆளாகவே இருந்திருந்தால், "சுத்தமாத்தான் வெச்சிருக்கோம்ங்க" என்று தலை குனிந்து சொல்லிவிட்டு வந்திருப்பேன். கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியும் இருந்திருக்கும்.

"இருக்குதுங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார், கேட்டாரோ இல்லையோ தெரியவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.