தெற்கே போனதாகச் சொன்னது

எங்கள் ஊர்க் கடலுக்கு மணல்கரை கிடையாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாறைகள் வளைத்துக் கட்டிய ஒரு சிறு குடாதான் எங்களுக்குத் துறை. அதன் வாயில் எதிரெதிராக இரண்டு பாறைகள். நடுவே இரண்டு கட்டுமரம் பக்கம் பக்கமாக நுழையுமளவுக்குத்தான் வழி. காலையில் போவது சுலபம். திரும்பும்போதுதான் உயிர் கையில் இருக்கும். வெளியிலேயே நின்று, பெரிய அலைகள் ஓயும் வரை பார்த்திருந்து, ஒரே மூச்சில் துடுப்புப் போட்டு உள்ளே வந்துவிட வேண்டும்.

என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே மரத்தில் போவார்கள். அண்ணன் பின்னால் உட்கார்ந்து திசை பிடிப்பார், இவர் முன்னால். வெளிப் பாறையடியில் தூண்டில் விட்டால் களவா மீன் கிடைக்கும். நான் அக்கா என்று கூப்பிடும் அண்ணன் மனைவியும் நானும் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். ஓரகத்திகள் என்று சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள், அக்கா தங்கை என்றே நினைப்பார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் மீன் அறுக்கத் தெரியாமல் கையை அறுத்துக்கொண்டபோது, மாமியாருக்குத் தெரியாமல் என் பங்கையும் அவளே அறுத்துக் கொடுத்தாள். அவர்களுக்கும் எங்களுக்கும் பிள்ளை இல்லை.

வாடைக் காற்று அடித்த ஒரு நாள், உச்சிப் பொழுதில், அவர்களுடைய மரம் குடாவின் வாயில் கவிழ்ந்து கட்டை கட்டையாகப் பிரிந்தது. நாங்கள் இருவரும் வலைக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தோம். கூச்சல் கேட்டு ஓடினோம். என் கணவர் மட்டும் முட்டியெல்லாம் கிழிந்து பாறைமேல் கிடந்தார்.

அக்கா முதலில் போய் அவரைப் பிடித்து உலுக்கினாள். "தம்பி, எங்க அவரு?"

"கட்டையப் புடிச்சிக்கினு தெக்கால போனாரு. நான் பாத்தேன்."

அவள் தெற்கே ஓடினாள். ஊர் ஆண்கள் மூன்று நாள் மரம் தள்ளிக்கொண்டு போய்த் தேடினார்கள். மரத்தின் ஒரு கட்டைகூடக் கிடைக்கவில்லை. நான்காம் நாள் ஊர்ப் பெரியவர்கள் காரியத்தைப் பற்றிப் பேச வந்தபோது, அவள் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "உசுரோட போனத என் கொழுந்தன் பாத்தாரு. நீங்க பாத்தீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு என் கணவர் கடலில் இறங்கவில்லை. கருவாடு வாங்க வரும் வியாபாரி ஒருவர், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார். இரண்டு மாதத்தில் நாங்கள் அங்கே இருந்தோம். அக்காவையும் கூப்பிட்டேன். "அவரு வந்தா வீட்ல ஆள் வேணாவா?" என்றாள்.

ஆம்பூரில் அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. முடி உதிர்வதற்காக ஊறப்போட்ட தோல்களை இடுப்பளவு நீரில் நின்று திருப்பிப் போட வேண்டும். அந்த நாற்றம் எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அவருடைய கைகள் மட்டும் பழகவில்லை. விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணன் தெக்கால போவல."

நான் தடவுவதை நிறுத்தவில்லை.

"பாறை சந்துல கால் மாட்டிக்கிச்சி. தம்பின்னு கூப்ட்டாரு. திரும்பிப் பாத்தேன். பின்னால பெரிய அலை வந்துச்சி. நான் மேல ஏறிட்டேன். மறுபடி பாக்கும்போது ஆள் இல்ல."

"ஊருக்குப் போயி அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"எப்டிச் சொல்றது?"

போகட்டும், அந்த நம்பிக்கைதான் அவளை உயிரோடு வைத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் கணவரை ஊரார் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான். ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள்: அக்கா தினமும் விடியலில் பாறைமேல் போய் நிற்கிறாளாம், புதுச்சேரி வரை நடந்து போய் விசாரித்தாளாம். கேட்டுவிட்டு அவர்களுக்குச் சோறு போட்டு அனுப்புவேன்.

ஐந்து வருஷம் அப்படியே போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் அவளே வந்து நின்றாள். ஸ்டேஷனிலிருந்து வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். இளைத்திருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக் கயிறு. சாப்பாட்டுக்கு வந்திருந்த என் கணவர் எழுந்து நின்றார்.

"நாகப்பட்டணத்துல ஒருத்தரு கீறாராம், தம்பி. கடல்ல வந்தவராம். பேரு ஊரு ஒண்ணும் நெனவில்லியாம். நீ வந்து பாத்தா தெரிஞ்சிடும். கெளம்பு."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் கணவர் அவள் காலடியில் உட்கார்ந்து, என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கேட்டாள், "எந்தக் காலு?"

"வலது காலு, அண்ணி."

"அந்தக் கால்ல ஆணி இருந்துச்சி. ஊனி இழுத்திருக்க மாட்டாரு."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்பத்திலேந்து?"

"இங்க வந்த வருஷத்திலேந்து."

தண்ணீர் கேட்டாள். செம்பு கொடுத்தேன். குடிக்கவில்லை, வாசலில் போய் முகம் கழுவினாள். குங்குமம் கரைந்து போயிற்று. வேண்டுமென்று கழுவினாளா என்று எனக்குத் தெரியாது.

சாப்பிடச் சொல்லியும் கேட்காமல் கிளம்பினாள். நான் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயில் வரும் வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"அவன் பயந்துட்டான். சின்னவன்தானே. அந்த அலையப் பாத்தா நானும் ஏறியிருப்பேன்" என்றாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா அழுதுட்டு எழுந்திருப்பேன். நீயாவது சொல்லியிருக்கலாம்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். ரயில் வந்துவிட்டது. அவள் ஏறியபின் ஜன்னலோரம் உட்காரவில்லை.

அடுத்த மாதம் ஊரிலிருந்து வந்த ஒருவர் எங்களைத் துக்கம் விசாரித்தார். அக்கா காரியம் செய்துவிட்டாளாம். நாகப்பட்டணத்தில் அந்த மனிதரை நேரில் பார்த்ததாகவும், அது தன் புருஷன்தான் என்றும், தன் மடியிலேயே உயிர் போயிற்று என்றும் ஊராரிடம் சொல்லியிருக்கிறாள். "உங்க வீட்டுக்காரரு சொன்னது நெசமாப் போச்சி பாருங்க. கட்டையப் புடிச்சிக்கினு அவ்ளோ தூரம் போயிருக்காரு" என்றார் வந்தவர்.

என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. நான் மட்டும் ஒருதரம் போனேன். அக்கா செங்கல்பட்டில் யார் வீட்டிலோ சமையல் செய்யப் போய்விட்டாள் என்றார்கள். எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை.