வித்துப் போச்சு

கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு நான் ஒரு முறைகூட அப்படிக் கொடுத்ததில்லை. சண்டை மட்டும் தவறாமல் வந்தது. ஆனாலும் வியாபாரத்தில் அந்த முறையை விடவில்லை. சாக்கின் மேல் வைப்பேன், வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார்.

கடை என்றால், மதுரையில் ஞாயிற்றுக்கிழமை தெருவோரச் சந்தையில் விரிக்கிற அந்த ஒரு சாக்குதான். மற்ற நாட்களில் நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஊர் ஊராக அலைந்து, வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய மடக்குக் கத்திகளை வாங்கி வருவேன். எல்லாம் பட்டறையில் கையால் அடித்தவை. எருமைக்கொம்புப் பிடி, தீட்டித் தீட்டிப் பிறை மாதிரி தேய்ந்த அலகு. மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு விரித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு மார்க் போடச் சொன்னால் சரியாகப் போடுவேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. ஒரு கத்தியைப் பார்த்து மயங்குகிறவர் உடனே வாங்கமாட்டார். யோசித்தபடி சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அதற்குள் கத்தியைத் தொடைக்கடியில் தள்ளிவிட்டு, "வித்துப் போச்சு" என்பேன். அவர் முகம் சுருங்குவதை ஆற அமர ரசித்துவிட்டு, பிறகு எடுத்துச் சாக்கில் வைப்பேன். சந்தைக்கே தெரிந்த கூத்து இது.

ஆடிக் காற்றில் புழுதி பறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டைப்பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும்.

"அப்பத்தா, எங்க அப்பா கத்தி உங்ககிட்ட இருக்குன்னு அண்ணன் சொல்லுச்சு. கொம்புப் பிடியில செம்புக் கம்பி சுத்தியிருக்கும். முனை ஒடிஞ்சிருக்கும்."

எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா இறந்தபின் வீட்டை ஒதுக்கும்போது, பழைய இரும்போடு இரும்பாக அவள் அண்ணன் எனக்குப் போட்ட கத்தி. அன்று காலையில்தான் ஒருவர் எடுத்துப்போயிருந்தார்.

"வித்துப் போச்சு தாயி."

அவள் முகம் சுருங்கியது. பக்கத்தில் பூட்டு விற்கிறவர் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"யக்கா, அப்பத்தா பேச்ச நம்பாதீக. எல்லார்கிட்டயும் இதான் சொல்லும். தொடைக்குக் கீழ வச்சிருக்கும், உக்காருங்க."

அவள் சிரித்துக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். "அம்புட்டுக் குசும்பா அப்பத்தா உங்களுக்கு?"

"இல்ல தாயி, நெசமாத்தான் சொல்றேன்."

"சரி சரி. நீங்க எடுக்குறப்ப எடுங்க. எனக்கு அவசரமில்ல."

உட்கார்ந்தபடியே அப்பாவைப் பற்றிப் பேசினாள். மோட்டார் ரூம் பூட்டை நெம்பப்போய் முனையை ஒடித்துக்கொண்டாராம். "கத்திய எங்க அண்ணனத் தொடவே விடமாட்டாரு. எனக்கு மட்டும் வரப்பு மேல வச்சு, எடுத்துக்க தாயின்னுவாரு. நான் கரும்பு சீவிக்குவேன்." சொல்லிக்கொண்டே சாக்கில் இருந்த கத்திகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஒரு கத்தி வைக்க இடம் விட்டாள்.

"மீனாட்சி சத்தியமா இல்ல தாயி."

"போன வாரமும் மீனாட்சிதான் சாட்சி" என்றார் பூட்டுக்காரர்.

எழுந்து நின்று சேலையை உதறினேன். அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். சுருக்குப் பையைக் கவிழ்த்தேன். வெற்றிலையும் சுண்ணாம்பு டப்பியும் விழுந்தன. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வீட்டுல வச்சுட்டு வந்துட்டீகளா? கெட்டிக்காரி அப்பத்தா நீங்க. அடுத்த வாரம் கொண்டாங்க. வாரேன்."

அவள் போனபிறகு பூட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "மெய்யாவே வித்துட்டீகளா?"

"ஆமா மாப்ள."

அவர் பூட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

வாங்கியவர் ஒத்தக்கடையில் வீடு கட்டியிருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். மறுநாள் பஸ் ஏறிப் போனேன். அங்கே எல்லாமே புது வீடு. ஒரு கிழவி கதவைத் தட்டி, "கத்தி வாங்குனவரு வீடு இதானா?" என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். வந்ததும் கத்திகளை ஒதுக்கி, அதே இடத்தில் இடம் விட்டுக் காத்திருந்தாள். என்னிடம் இருந்ததிலேயே நல்ல கத்தியை எடுத்து, விரித்து, சத்தம் கேட்க வைத்து, அந்த இடத்தில் வைத்தேன்.

"இத எடுத்துக்க தாயி. எனக்கு ஒன்னும் தர வேணாம்."

அவள் கத்தியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கத்தியை மடக்கி, மற்றக் கத்திகளோடு வரிசையாக வைத்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, அப்பத்தா."



கட்டைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போறேன்" என்றாள். வாய் தவறிச் சொல்லியிருப்பாள், திரும்பி வந்து 'போயிட்டு வாரேன்' என்பாள் என்று, அவள் தலை கூட்டத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.