ஜூல் அண்ணனின் கோணல் ஸ்டியரிங்

சைகோன் ஆற்றில் தரைதட்டி நின்ற ஒரு போர்க்கப்பலைத் தன் லாரியின் கொக்கியில் மாட்டி ஒரே இழுப்பில் கரையேற்றியவர் எங்கள் ஜூல் அண்ணன். பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். போர்க்கப்பல் என்பதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அது மீன்பிடிப் படகு. கரையிலிருந்து பத்தடி தூரத்தில் சேற்றில் கிடந்தது. மூன்று இழுப்பு ஆயிற்று. ஆனால் பக்கத்து இருக்கையில் நான் இருந்தது சத்தியம். என் செருப்பில் ஒன்று அன்றைக்கு ஆற்றோடு போனது.

ஜூல் அண்ணனுக்குப் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. எனக்கு உறவில்லை, சைகோனில் அடுத்த வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேர்ந்து கப்பலேறி வந்தவர். வடக்கே தொங்கின் பகுதியில் சண்டை நடந்த இடங்களுக்கெல்லாம் லாரியில் ரொட்டியும் குண்டும் ஏற்றிப் போனார். ஐம்பத்திரண்டில் காயம்பட்டுத் திரும்பி வந்தபோது, "தோள்ல ஏதோ பட்டுச்சு, ஆறிப்போச்சு" என்றார். எல்லோரும் நம்பினோம். அன்றிலிருந்து இடது கையில் எப்போதும் ஒரு தோல் கையுறை போட்டிருப்பார். வண்டி இழுக்கும் சங்கிலி கையை அறுக்கும் என்று காரணம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எந்தச் சங்கிலியைக் கொண்டுவந்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கான்வென்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை.

ஐம்பத்தாறில் பிரெஞ்சுப் பட்டாளம் மூட்டை கட்டியது. அவர்கள் விட்டுப்போன சாமான்களில், பின்னால் சின்னக் கிரேன் வைத்த ஒரு லாரியை ஜூல் அண்ணன் வாங்கினார். ஊரெல்லாம் வண்டிகள் நின்றுபோய்க் கிடந்த காலம் அது. கார் வைத்திருந்த துரைமார்கள் துறைமுகம் வரை ஓட்டிவந்து அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அவற்றை இழுத்துப் போக ஆள் வேண்டும். தமிழர்களான நாங்கள் அந்த லாரிக்குக் கொக்கி லாரி என்று பெயர் வைத்தோம்.

கொக்கி லாரிக்கு ஒரு குறை. சாலையில் நேராகப் போகும்போது அதன் ஸ்டியரிங் இடப்பக்கம் கால் வட்டம் திரும்பி நிற்கும். கோயில் வாசலில் கப்ரியேல் மாமா கேலி பேசாமல் விடமாட்டார். ஸ்டியரிங்குக்கு எங்கள் பேச்சில் வொலான் என்று பெயர்.

"என்னடா ஜூல், வண்டி நேராப் போவுது, வொலான் மட்டும் வேற ஊருக்குப் போவுது?"

"உங்க வாய் நேராகட்டும் மாமா, மறுநாளே என் வொலானை நேராக்கிடறேன்."

அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விடுவார். பழுது பார்க்க மட்டும் மாட்டார்.

அவருடைய மனைவி தனக்கொடிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா காரைக்கால் குமாஸ்தா, காலமாகிவிட்டார். அம்மா வியட்நாம்காரர், பென் தான் என்னும் சந்தையில் கீரை விற்றவர், படுக்கையில் கிடந்தார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. சிலர் புதுச்சேரிக்கு, சிலர் பிரான்சில் மார்செய்க்கு. தினமும் யாராவது வந்து பாத்திரம் பண்டங்களைக் கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போவார்கள். எனக்கு மட்டும் ஏழு கோழிப் பெட்டிகள் சேர்ந்தன, கோழிகள் இல்லாமல்.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்பு வந்தது. பழைய நம்பர் தகடுகள் செல்லாது. எல்லா வண்டிகளுக்கும் புதுப் பதிவு. சொந்தக்காரரே வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். பிரேக், விளக்கு, ஸ்டியரிங் எது சரியில்லை என்றாலும் அனுமதி கிடையாது. ஜூல் அண்ணனுக்கு ஒன்பது நாள் தள்ளி முறை வந்தது.

"வண்டி போச்சுன்னா எனக்கு இங்க என்ன வேலை இருக்கு?" என்றார் தனக்கொடியிடம். "எல்லாரையும் போல நாமளும் கப்பல்தான்."

"போங்க. எங்கம்மா இருக்கிற வரைக்கும் நான் இந்த ஊரைவிட்டு நகரமாட்டேன்" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாளே நான் ஜூல் அண்ணனை வற்புறுத்தி டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் இருந்த சம்சுதீன் பாயின் பட்டறைக்கு இழுத்துப் போனேன். கொக்கி லாரியை இழுத்துப்போன ஒரே ஆள் நான்தான். பாய் காரைக்கால்காரர். துணி வியாபாரத்துக்கு வந்து, துணியை விட வண்டி எண்ணெய் வாசனை பிடித்துப்போய் மெக்கானிக் ஆனவர்.

"ஸ்டியரிங்கு கோணையா நின்னா ரெண்டே எடம்தாம்மா" என்றார் பாய். "ஒண்ணு கீழ கம்பியில குத்தம். இல்லன்னா மேல தலையில குத்தம்."

முதலில் முன் டயர்களைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கமாகத் தேயவில்லை. லாரிக்கு அடியில் படுத்து, சக்கரங்களைத் திருப்பும் இணைப்புக் கம்பிகளைப் பார்த்தார். வளையவில்லை; திருகாணிகளை யாரும் தொட்டதற்கான அடையாளமும் இல்லை, துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தன. பிறகு எழுந்து, சக்கரங்களை நேராக வைத்துவிட்டு, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முட்டும் வரை சுற்றி எண்ணினார். மறுபடி நேராக்கி வலப்பக்கம் எண்ணினார். இரண்டும் சமம்.

"கீழ எல்லாம் சுத்தமா இருக்கு. கீழ கையை வச்சா இருக்கிறதும் கெட்டுப்போவும்."

ஹாரன் மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே ஸ்டியரிங் உட்கார்ந்திருக்கும் தண்டு, பல் பல்லாக வெட்டியது. அதன் மேல் ஒரு நட். வண்டி முழுக்கத் துரு, அந்த நட் மட்டும் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் அரத்தால் போட்ட ஒரு கோடு.

"யாரோ கழட்டி ஒம்பது பல்லு தள்ளி மாட்டிருக்கான்" என்றார் பாய். "தெரியாமச் செஞ்ச வேலை இல்ல இது. குறி போட்டுச் செஞ்சிருக்கான்." பிறகு மெதுவாக ஜூல் அண்ணன் பக்கம் திரும்பினார். "ஜூலு, நீயாத்தான் சொல்லணும்."

அண்ணன் கையுறையைக் கழற்றினார்.

நான்கு விரல்களும் ஒட்டிக்கொண்டு விறைத்திருந்தன. மடங்காது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. தனக்கொடிக்கு மட்டும் தெரியும். வலது கைக்கு கியர் மாற்றும் வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்க இடது கை வேண்டும். வளையத்தைப் பிடிக்க முடியாததால், நடுவிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் ஒன்றின் மேல் மணிக்கட்டைக் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்வாராம். ஆனால் ஸ்டியரிங் நேராக இருந்தால் இடதுபக்கக் கம்பி மேலே போய்விடும், கை எட்டாது. கால் வட்டம் திருப்பி மாட்டினால் அது மடிக்கு வந்துவிடும். அதனால்தான்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ ஊர் பூரா சொல்லுவே, தங்கச்சி."

நியாயமான பதில்தான்.

நேராக மாட்டினால் ஓட்ட முடிகிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் பாய். ஸ்டியரிங்கைப் பிடுங்கி, ஒன்பது பல் திருப்பி, நேராக மாட்டினார். அண்ணன் ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினார். முதல் திருப்பத்தில் கை நழுவியது. பட்டறைத் தண்ணீர்ப் பீப்பாய் உருண்டு சந்துக்குள் ஓடியது. நான் அதன் பின்னாலேயே ஓடினேன். திரும்பி வந்தபோது அண்ணன் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்திருந்தார்.

"நேரா இருந்தா வண்டி பாஸாவும், நான் பாஸாகமாட்டேன். கோணையா இருந்தா நான் ஓட்டுவேன், வண்டி பாஸாகாது. தனக்கொடி கிட்ட என்ன சொல்லட்டும்?"

பாய் பட்டறை மூலைக்கு நடந்தார். அங்கே ஒரு புதுக் காரின் முன்பாதி கிடந்தது. ரப்பர் மரத்தில் மோதி நசுங்கியது, ஜூல் அண்ணனே இழுத்துவந்து போட்டது, சொந்தக்காரர் கப்பலேறிவிட்டார். அதன் ஸ்டியரிங்கில் மூன்று கம்பி இல்லை, ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் நேராக இல்லாமல் இடப்பக்கம் கீழே சாய்ந்து வந்தது. செய்தவனே அப்படித்தான் செய்திருந்தான். அதை முதலில் பார்த்தது நான் என்று நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். பாய் இப்போது இல்லாததால் மறுக்க ஆளில்லை.

இரண்டு நாள் வேலை. புது வளையத்தை அதன் கம்பியோடு அறுத்து, லாரியின் பழைய நடுப்பகுதியில் வைத்து வெல்டிங் செய்தார். சக்கரங்கள் நேர், தண்டு நேர், ஸ்டியரிங்கும் அதைப் படைத்தவன் நினைத்தபடியே. கம்பி மட்டும் ஜூல் அண்ணனின் மடியில். கால் டன் எடையைக் கட்டித் தொங்கவிட்டு வெல்டிங்கைச் சோதித்தார் பாய். நான் ஒரு டன் என்று சொல்வது வழக்கம்.

டான் சோன் நாட் விமான நிலையம் போகும் வழியில் ஒரு திடலில் சோதனை. நானும் தனக்கொடியும் கூடவே போனோம். அதிகாரி இளைஞர், வியட்நாம்காரர். பிரெஞ்சு தெரிந்தாலும் பேசமாட்டார் என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். விளக்கு, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கைச் சுட்டிக்காட்டி அவர் மொழியில் ஏதோ கேட்டார்.

நான் முன்னே பாய்ந்தேன். "மிசே, இது பாரீசின் புது முறை!" என்று பிரெஞ்சில் ஆரம்பித்தேன். விபத்து நடந்தால் ஓட்டுநர் நெஞ்சைக் காப்பாற்ற ஒற்றைக் கம்பி. மூன்று கம்பி வண்டி தெருவில் போனால் பாரீசில் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கின்றன. பெரிய மனிதர்கள் பழைய ஸ்டியரிங்கைக் கழற்றி செய்ன் நதியில் எறிகிறார்கள். எனக்கே அந்த ஊரின் மேல் ஆசை வந்துவிட்டது. சுற்றி நின்ற டாக்ஸிக்காரர்கள் வாய்பிளந்து கேட்டார்கள். ஜூல் அண்ணன் திடலைச் சுற்றி வந்தார், எட்டுப் போட்டார், பின்னால் எடுத்தார். அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், நான் பிரெஞ்சு பேசி ஒரு லாரியைக் காப்பாற்றிய கதை மூன்று முறை அரங்கேறியது.

தனக்கொடியின் அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். தினமும் மாலையில் அவரைக் கொக்கி லாரியில் உட்காரவைத்து ஆற்றோரம் காற்று வாங்கக் கூட்டிப்போவார் ஜூல் அண்ணன். பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்த கத்தினா தெருவை அரசாங்கம் எத்தனை தடவை பெயர் மாற்றினாலும் அண்ணன் கத்தினா என்றுதான் சொல்வார். ஆனால் போய்ச் சேரும் இடம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எழுபத்தைந்து வரை அந்த லாரி ஓடியது. எண்பத்தொன்றில் அண்ணன் கண்ணை மூடினார். இப்போதும் சைகோனின் முதலாம் டிஸ்ட்ரிக்டில் மோட்டார் சைக்கிள் இரைச்சலுக்கு நடுவே எங்காவது சங்கிலிச் சத்தம் கேட்டால் நான் ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். தமிழர்களில் இங்கே மிஞ்சியவர்கள் நாங்கள் நாலைந்து பேர்தான். ஓர் அழகான பிரெஞ்சுச் சொற்பொழிவின் அருமை தெரிந்தவர்கள் அதிலும் குறைவு.

இதுவரை எழுதியதைத் தனக்கொடிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"எல்லாம் சரி அக்கா. அந்த ஆபீசர் மட்டும் நீங்க பேசினதைக் கேக்கவே இல்ல. நீங்க டாக்ஸிக்காரங்களுக்குப் பாரீசைக் காட்டிக்கிட்டிருந்தீங்களே, அப்பவே அவரு லாரிக்கு அந்தப் பக்கம் வந்து, 'இவர் கையில என்ன?'ன்னு என்கிட்ட வியட்நாம்ல கேட்டாரு. நான் உள்ளதைச் சொன்னேன். கையுறையைக் கழட்டிப் பார்த்தாரு. கம்பியில மணிக்கட்டை மாட்டிக் காட்டச் சொன்னாரு. அப்புறம்தான் ஓட்டச் சொன்னாரு. அந்தக் காகிதத்துல கையெழுத்துக்கு மேல ஒரு வரி இருக்கும். பிரெஞ்சு இல்லைன்னு நீங்க படிக்காமலே மடிச்சு எங்க வீட்டுக்காரர் பையில வச்சீங்க. 'ஓட்டுநருக்கு இடது கை வேலை செய்யாது, வண்டி அந்தக் கைக்குத் தகுந்தபடி இருக்கிறது, ஓடலாம்.' அதான் அக்கா எழுதியிருந்துச்சு."