யோகமலர் சாமோஸுக்குப் போன கோடை

டென்மார்க்காரருக்கு வெயில் என்றால் பைத்தியம். மாரி முழுக்க வாய் திறக்காத சனம், மாசி பிறந்ததும் விடுமுறைப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கிவிடும். பிரெடெரிசியாவில் யோகமலர் வேலை பார்த்த சலவைத் தொழிற்சாலையிலும் அந்த வருடம் அதுதான் நடந்தது. மதியச் சாப்பாட்டு மேசையில் கிர்ஸ்டன் என்ற பெண் வழுவழுப்பான புத்தகம் ஒன்றை அவள் பக்கம் தள்ளி, நாங்கள் ஐந்தாறு பேர் கிரேக்கத் தீவு ஒன்றுக்குப் போகிறோம், நீயும் வாவேன் என்றாள். படத்தில் நீலத் துறைமுகம், மலைச்சரிவில் வெள்ளை வீடுகள், வரிசையாகக் கட்டிய படகுகள். கீழே சாமோஸ் என்று போட்டிருந்தது. யோகமலர் சாப்பாட்டை மூடி வைத்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்துக்கு வந்த தந்தியிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. அவளுடைய கணவன் இரத்தினசிங்கம் கிரேக்கக் கப்பலில் வேலைக்குப் போனவன். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஊரில் இருக்கவில்லை. காய்ச்சலில் இறந்துபோனான், சாமோஸ் துறைமுகத்தில் இறக்கி அடக்கம் செய்தாயிற்று என்றது தந்தி.

அதோடு அழுது முடித்திருக்கலாம். விட்டார்களா? கொஞ்ச நாளில் இன்னொரு கதை வந்து சேர்ந்தது. கடலோடிக்கு அவன் பெயரும் படமும் உள்ள கப்பல் புத்தகம்தான் எல்லாம். அது இல்லாமல் ஒரு கப்பலும் ஏற்றாது. அந்தக் காலத்தில் எங்கள் பொடியன்கள் படத்தை மாற்றி ஒட்டிக்கொண்டு, ஒருவன் புத்தகத்தில் இன்னொருவன் ஏறிப் போவார்கள். இரத்தினசிங்கமும் தன் புத்தகத்தை யாரோ ஒரு பொடியனுக்குக் கொடுத்துவிட்டு இத்தாலியில் இறங்கிவிட்டான், செத்தது அந்தப் பொடியன் என்றார் ஒருவர். இரத்தினசிங்கத்தை நேப்பிள்ஸில் கண்ணால் கண்டதாகப் பிறகு இன்னொருவரும் சொன்னார்.

இரத்தினசிங்கத்தின் அண்ணன் குணசேகரம் இந்த இரண்டாவது கதையைப் பிடித்துக்கொண்டார். தம்பியின் மனைவியைக் கிழக்கு பேர்லின் வழியாகத் தன் குடும்பத்தோடு டென்மார்க்குக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். பிணத்தைக் காணாமல் பொட்டை அழிக்கக் கூடாது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். நல்ல மனிதர், ஆனால் அந்தப் பொட்டோடு நடமாட வேண்டியவள் அவள் அல்லவா? கலியாண வீடுகளில் யோகமலரை ஆரத்தி எடுக்கக் கூப்பிடுவதா விடுவதா என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அவள் தானாகவே எழுந்து குசினிக்குள் சமையலுக்கு உதவப் போய்விடுவாள். மனைவியா, விதவையா என்பது அவளுக்கே தெரியவில்லை. கணவனைக் கனவில் கண்டால் சந்தோசப்படுவதா அழுவதா என்றும் தெரியவில்லை.

சாமோஸுக்குப் போகப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, விபோர்க்கில் இருந்த குணசேகரம் தொலைபேசியில் குரலை உயர்த்தினார். பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை, நேரம் வரும்போது தானே போவதாகச் சொன்னார். அந்த நேரம் நான்கு வருடமாக வரவில்லை. யோகமலர் தொலைபேசியை வைத்தாள். மறுநாள் கிர்ஸ்டனிடம் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள்.

குழியைத் தோண்டிப் பார்க்க விட்டால், அவளுக்கு ஒரு அடையாளம் போதும். இரத்தினசிங்கம் இளவயதில் மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடையை முறித்தவன். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் எலும்போடு சேர்த்து ஒரு இரும்புத் தகட்டை வைத்து ஆணியால் இறுக்கித் தைத்தார்கள். தகடு மண்ணில் கரையாது. இதை விமானத்தில் வைத்துக் கிர்ஸ்டனிடம் தெரிந்த அளவு டேனிஷில் சொன்னாள். கிர்ஸ்டன் அவளுடைய கையைப் பிடித்தவள், இறங்கும்வரை விடவில்லை.

சாமோஸில் மற்றப் பெண்கள் கடலில் விழுந்து கிடந்தார்கள். இவர்கள் இருவரும் துறைமுகத்துக்கு மேலே இருந்த மயானத்துக்கு ஏறினார்கள். அங்கே அரைகுறை ஆங்கிலம் பேசும் காவல்காரனும் அவன் மனைவியும் இருந்தார்கள். ஓரத்தில் ஒரு மரச்சிலுவை, அதில் கிரேக்க எழுத்தில் இரத்தினசிங்கம் என்று எழுதியிருப்பதாகக் காவல்காரன் வாசித்துக் காட்டினான். பிறகு அவன் சொன்னதைக் கேட்டு யோகமலர் திகைத்துப்போனாள். அங்கே இடம் குறைவாம். மூன்று வருடம் போனால் குழியைத் தோண்டி, வீட்டுப் பெண்கள் எலும்பை வைனில் கழுவிப் பெட்டியில் வைப்பார்களாம். ஒருவரும் வராவிட்டால் பொதுக்கிடங்கில் கொட்டிவிடுவார்களாம். இந்தக் குழிக்குத் தவணை முடிந்துவிட்டது, நல்ல வேளை மனைவி வந்தாய் என்றான்.

அடுத்த நாள் காலையில் தோண்டினார்கள். காவல்காரனின் மனைவி ஒவ்வோர் எலும்பாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். சுடலை வாசலைக்கூட மிதித்திராத யோகமலர் மண்ணில் குந்தி, இரண்டு தொடை எலும்புகளையும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள். இரண்டும் வழுவழுப்பாக இருந்தன. முறிந்த தழும்பு இல்லை, ஆணி துளைத்த அடையாளம் இல்லை. குழிக்குள் இறங்கி மண்ணையும் விரலால் கிளறினாள். தகடு இல்லை.

இது அவன் இல்லை. அப்படியென்றால் அவன் எங்கேயோ இருக்கிறான்.

அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தந்தி வந்த அன்று நிலத்தில் விழுந்து அழுதது, பேர்லின் குளிரில் நடுங்கி நின்றது, குசினிக்குள் ஒளிந்தது எல்லாம் உயிரோடு இருக்கிற ஒருவனுக்காக. ஒரு சொல் எழுதிப் போட அவனுக்கு மனம் வரவில்லை.

அவரா என்று கிர்ஸ்டன் மெதுவாகக் கேட்டாள். காவல்காரனின் மனைவி வைன் போத்தலோடு காத்து நின்றாள். இல்லையென்று தலையாட்டினால் இந்த எலும்புகள் கிடங்குக்குள் போய்விடும் என்பது யோகமலருக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்ப் பொடியன், சைவமோ கிறிஸ்தவமோ, ஒன்றும் தெரியாது. தன் மகன் கப்பலில் உழைக்கிறான் என்று ஒரு தாய் இன்னும் காத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

“ஓம்,” என்றாள் தமிழிலேயே. அவர்தான் என்று தலையையும் ஆட்டினாள்.

வைனை வாங்கி மண்டையோட்டை முதலில் கழுவினாள். பிறகு கை, கால், விரல் எலும்புகள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கணவனுக்கென்று வைத்திருந்த அழுகை முழுவதையும் பெயர் தெரியாத பிள்ளைக்கு அழுது தீர்த்தாள். பெட்டியில் என்ன எழுத என்று காவல்காரன் கேட்டபோது, பெயர் வேண்டாம், ஊரை எழுதுங்கள் என்றாள். அவன் கிரேக்க எழுத்தில் யாழ்ப்பாணம் என்று எழுதினான்.

பிரெடெரிசியாவுக்குத் திரும்பிய அந்த ஞாயிறே குணசேகரம் ரயிலேறி வந்தார். தேத்தண்ணியைத் தொடாமல் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழியில் கிடந்தது அவர் இல்லை என்று அவள் சொன்னதும், மனிதர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக் கண்ணீர் விட்டார். தான் அன்றே சொன்னதாகவும், பொட்டையும் தாலியையும் காப்பாற்றித் தந்தது நல்லூர்க் கந்தன்தான் என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் சொல்லி முடிக்கும்வரை யோகமலர் பொறுத்திருந்தாள். பிறகு கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி அவர் முன்னால் மேசையில் வைத்தாள். குணசேகரம் பதறி எழுந்தார்.

“அவர் செத்திருந்தா, ஆர் என்ன சொன்னாலும் நான் இதைக் கழட்டியிருக்க மாட்டன், அத்தான்,” என்றாள் அவள். “அவரைக் காணேக்கை இதை அவரிட்டையே குடுங்கோ.”