கம்பிக் கூடையில் தங்காதவை

ஈப்போவிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. லெட்சுமி காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஏழு தாண்டிவிட்டது. "நீர் வத்திருச்சுன்னா படகு சேத்துல ஒக்காந்துரும், லேட்டா வந்துராதே" என்று முதல் நாள் என்னை மிரட்டியவளும் அவள்தான். பள்ளிக்காலத் தோழி என்பதால் வாயைத் திறக்காமல் ஏறிக்கொண்டேன். பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி, சின்னக் கத்திகள், பூதக்கண்ணாடி, ஒரு சுருள் நைலான் வலை.

நான் பல் மருத்துவர். அவள் கடல் மட்டிகளை ஆராய்பவள். மணிக்கட்டு வலியால் கிளினிக்கை ஒரு வாரம் மூடிவிட்டு வீட்டில் இருந்தேன். "சும்மாதானே கெடக்கிற, வா லா" என்று அழைத்தாள். மணிக்கட்டுக்குக் கடல் என்ன செய்யும் என்று கேட்டேன். தொப்பி எடுத்துக்கொள் என்றாள்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டும்போது இடப்பக்கம் தலையை ஆட்டிக் காட்டினாள். அவள் பிறந்த ரப்பர்த் தோட்டம் அங்கே இருந்ததாம். இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையும் அதற்கப்பால் ஒரே அச்சில் வார்த்த வீடுகளும். வேகத்தை அவள் குறைக்கவில்லை. எனக்கும் பசி.

எட்டரைக்குப் பாகான் செராயில் பசியாறினோம். இரண்டு ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தேநீரான தே தாரேக் இரண்டு, எட்டு வெள்ளி. அங்கேதான் பயணத்தின் காரணத்தைச் சொன்னாள்.

கெராங் என்று நாங்கள் சொல்லும் சிவப்பு ரத்த மட்டியைப் பேராக் கரையோரச் சேற்றில் குஞ்சுகளை விதைபோல் தூவி வளர்ப்பார்கள். குவாலா குலா முகத்துவாரத்தில் குமார் என்பவருக்கு ஒரு பாத்தி இருக்கிறது. நீளக் கழி கட்டிய கம்பிக் கூடையால் சேற்றை வாரி அலசுவார்கள். பெரிய கெராங் கூடையில் தங்கும். சின்னது கம்பிகளின் இடைவெளி வழியே கடலுக்கே திரும்பிவிடும். அளவுக்குக் குறைந்ததைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். சில வருடங்களாகக் கெராங் வளர மறுத்தது. கம்பி இடைவெளியை இன்னும் அகலமாக்குங்கள், சின்னதெல்லாம் தப்பட்டும் என்றாள் லெட்சுமி. அதுவும் போதாமல், போன வருடம் வாருவதையே நிறுத்திப் பாத்தியை மூடச் சொன்னாள். குமார் மூடினார். வருமானம் நின்று, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டப் போனார்.

"இன்னிக்குப் பார்த்துட்டு நான் ஒரு பதில் சொல்லியாகணும்," என்றாள். தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது.

குளிர்நாடுகளில் விசிறிச் சிப்பி பிடிப்பவர்களுக்கும் இதே தலைவலியாம். சின்னது பெரிதாகட்டும் என்று ஓர் இடத்தை மூடி வைப்பார்கள். ஆரோக்கியமான சிப்பி என்றால் காத்திருந்ததற்குப் பலன் உண்டு. உள்ளே ஒட்டுண்ணி புகுந்துவிட்டால் அது வளராது, சதை நைந்துபோகும், காத்திருந்த காலமும் வீண். மூடுவதா திறப்பதா என்று அங்கேயும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பல் பிடுங்குவதா காப்பாற்றுவதா என்று நான் தினமும் உடைத்துக்கொள்வதுதான் என்றேன். "ஒன் நோயாளி வாயத் தொறந்து காட்டுவான். எனக்குக் கடலுக்கு அடியில இருக்கு," என்றாள்.

குவாலா குலா அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் வயலும் செம்பனையும். படகுத்துறையில் குமார் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், லோரிக் கம்பெனிச் சட்டையோடே வந்திருந்தார்.

"வாங்க டாக்டர். இதுக்கு முன்ன கடலுக்குப் போயிருக்கீங்களா?"

"லூமுட்ல ஃபெரி ஏறியிருக்கேன்."

"அது பஸ்ஸு லா, டாக்டர்."

சிரித்துக்கொண்டே இன்ஜினை இழுத்துவிட்டார். முகத்துவாரம் தாண்டியதும் சிரிப்பு போயிற்று. "அக்கா, நல்ல சேதியாச் சொல்லுங்க. பினாங்குல நெரந்தரமா லோரி வேல கூப்புடுறான். வெள்ளிக்கிழம பதில் சொல்லணும். இங்க ஒண்ணும் இல்லேன்னா, எடத்த எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன்." லெட்சுமி தண்ணீரைப் பார்த்தபடி தலையசைத்தாள்.

அவருடைய பாத்திக்கு நான்கு மூலையிலும் கழி ஊன்றியிருந்தது. மற்றபடி எனக்கு எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர். குமார் கூடையை இறக்கி, கழியைத் தோளில் சாய்த்து இழுத்து, அலசி ஏற்றினார். பெரிய கெராங் கொஞ்சம்தான் இருந்தது. லெட்சுமி சிலவற்றைத் திறந்தாள். சதை கொழுத்துச் சிவந்திருந்தது. பூதக்கண்ணாடியில் ஒன்றிரண்டில்தான் ஏதோ கண்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்மி," என்றாள்.

அடுத்த முறை கூடைக்குள் அந்த நைலான் வலையை விரிக்கச் சொன்னாள். கம்பி வழியாக விழுவது என்ன என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்ப்பானேன், சின்னதுதானே. இந்த முறை கூடையைத் தூக்க நானும் கை கொடுக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டு நன்றாகவே வலித்துக் காட்டியது.

"அம்மாடி! எவ்ளோ குட்டி பாருங்கக்கா!" என்று குமார் கூவினார். லெட்சுமியின் முகமும் மலர்ந்தது. இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் போதும் என்று இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

நான் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தேன். பெரியதற்கு ஓட்டின் விளிம்பு மெலிந்து கூராக இருந்தது. இது சின்னது, ஆனால் விளிம்பு தடித்து மழுங்கியிருந்தது. பற்களோடு காலம் தள்ளுபவளுக்குத் தேய்மானம் கண்ணில் படாமல் போகாது.

"இது குட்டியா? கெழவி மாதிரி இருக்கே," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

லெட்சுமி என் கையிலிருந்து பிடுங்கினாள். வளர்ச்சி தடைப்படும்போதெல்லாம் ஓட்டில் ஒரு கோடு விழும். நகத்தால் அந்தக் கோடுகளைத் தடவினாள். பெரியது ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து அதையும் தடவி எண்ணினாள். இரண்டிலும் கோடுகள் ஒரே எண்ணிக்கை. பிறகு கத்தியை எடுத்தாள். சின்னதன் சதை வெளிறி, தண்ணீராய் இருந்தது; அதில் மணல் போலச் சிறு பொட்டுகள். இன்னொன்று, இன்னொன்று என்று திறந்துகொண்டே போனாள். பெரும்பாலும் அதேதான். குமார் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, இது குட்டி இல்ல," என்றாள் கடைசியில். "பெரிசோட ஒண்ணா வெதச்சதுதான். உள்ள புழு இருக்கு, அதான் வளரல. நீங்க வாரும்போதெல்லாம் நல்லா வளந்தது கூடையில தங்கிச்சு, வித்தீங்க. நோய் புடிச்சது கம்பி வழியா விழுந்து இங்கயே கெடந்து மத்ததுக்கும் குடுத்திருக்கு. கம்பிய அகலமாக்கச் சொன்னது நான். மூடச் சொன்னதும் நான். ஆய்வுக்கூடத்துல பார்த்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா நான் சொன்னது தப்புன்னுதான் நெனைக்கிறேன்."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. நோயாளியிடம் அப்படிச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்குமா, தெரியாது.

குமார் கழியைப் படகின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். "இப்ப என்ன செய்யணும்?"

"சின்னது எல்லாத்தையும் வாரி எடுத்துக் கரையில பொதைக்கணும். பெரிச விட்டு வைக்கணும், அதுதான் நோயத் தாங்கி நின்னுருக்கு, முட்ட போடட்டும். சட்டம் இதுக்கு நேர்மாறா இருக்கு, அதனால அனுமதி கேட்டு நான் எழுதுறேன். விக்க ஒண்ணும் இருக்காது தம்பி. இன்னும் ஒரு வருஷமோ, ரெண்டோ."

"இந்தக் கூடையில இருக்கிறது?"

"இது சோதன பாக்க எடுத்தது. இதுக்கு அனுமதி இருக்கு."

அவர் குனிந்து கூடைக்குள் கை விட்டார். கை பழக்கத்தில் பெரியதை எடுத்துப் படகுக்குள் கொண்டுவந்தது. அங்கேயே நின்றது. கொழுத்த கெராங், சந்தையில் நல்ல விலை போகும். கையை வெளியே நீட்டி, தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டு, அதை மெல்ல நழுவவிட்டார். பிறகு அடுத்தது. சின்னதை மட்டும் ஒவ்வொன்றாக லெட்சுமியின் ஐஸ் பெட்டியில் போட்டார். கூடை காலியானது.

படகுத்துறையில் இறங்கும்போது லெட்சுமி கேட்டாள், "பினாங்குக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"அனுமதி எப்பக்கா வரும்?"

"தெரியல தம்பி."

"வந்தா இத வார ஆளு வேணுமே," என்றார். "அதுவரைக்கும் இங்க ஓட்டுற லோரியே போதும். போன் பண்ணுங்க."

திரும்பும் வழியில் பாகான் செராய் வந்தது. காலையில் பசியாறிய கடைக்கு எதிரே லெட்சுமி காரை ஓரம் கட்டினாள்.

"ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாம்டி," என்றாள். "எப்பவும் போல அக்கான்னுட்டுப் போறாரு."

அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஈப்போ வரை நான்தான் ஓட்டினேன்.