செந்நாய்களின் முதல் பந்தி

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளார்க்காக இருந்தேன். அங்கே கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு வினோதமான பழக்கம் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எந்தக் கல்யாணமானாலும், வேலை வாங்கும் கங்காணி உட்காருவதற்குள் லயத்துப் பிள்ளைகளையெல்லாம் இழுத்து வந்து முதல் பந்தியில் உட்கார வைத்துவிடுவாள். நெடுநெடுவென்ற உருவம். கங்காணி எவ்வளவு திட்டினாலும் வெற்றிலையை மென்றபடி சிரிப்பாள்.

செந்நாய்கள் அடித்துப்போட்ட மிளா மானின் கறியை, அவற்றை விரட்டிவிட்டு எடுத்துவருவது அந்தப் பக்கத்து வழக்கம். அவை மனிதரை எதிர்ப்பதில்லை. விலகி நின்று விசிலடிக்கும், அவ்வளவுதான். ஒரு காலையில் கறி ஆசையில் அவளோடு நானும் போனேன். ஓடைக்கரையில் மிளா கிடந்தது. நான் கல்லை எடுத்ததும் அவள் கையை நீட்டி மறித்தாள்.

"கொஞ்சம் பொறுங்கய்யா. யாரு திங்குதுன்னு பாருங்க."

குட்டிகள் மட்டும்தான் தின்றுகொண்டிருந்தன. வேட்டையாடிய பெரியவை, வாயில் ரத்தம்கூடக் காயாமல், சுற்றி நின்று காத்திருந்தன.

"நம்ம விசேஷத்துல முதப் பந்தியில யாரு உக்காருவா? கங்காணி. இதுக குட்டிகள உக்கார வச்சிட்டு நிக்குது, பாத்தீகளா?"

"அப்போ கறி?"

"பந்தியில உக்காந்த புள்ளைகள எழுப்பிவிடச் சொல்றீகளா?"

கல்லைக் கீழே போட்டேன். அன்று இருவர் வீட்டிலும் கருவாடுதான்.

செந்நாய்களைப் பார்த்துத்தான் அவள் அதைக் கற்றாளா, தன்னிடம் இருந்ததையே அவற்றிடம் கண்டாளா, எனக்கு இன்றும் தெரியவில்லை. பாயசம் தீர்ந்துபோன கடைசிப் பந்தியில், தனியாக உட்கார்ந்து அவள் ரசச் சோறு பிசைவதுதான் நினைவுக்கு வருகிறது. அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று நான் கேட்டதே இல்லை.